காட்டுக்குள்ளே ஒரு தபால் பெட்டி!

புதையல் தேடிப் போனவர்களைப் பற்றி நாம் எத்தனையோ கதைகள் கேட்டிருக்கிறோம். பாட்டி சொன்ன கதையிலும் வரும், சினிமாவிலும் வரும். கிழிந்த ஓலை ஒன்று அகப்படும். "ஒற்றைப் பனைக்குக் கிழக்கே இருபது அடி, அங்கிருந்து யானைப் பாறையின் நிழல் விழும் இடம்" என்று அதில் எழுதியிருக்கும். கதாநாயகன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவான். கடைசியில் செப்புக் குடமும், அதைச் சுற்றிக்கொண்டு படமெடுக்கும் நாகமும் தட்டுப்படும்.

ஆனால் காடு மேடெல்லாம் அலைந்து, அடையாளம் பார்த்துப் பார்த்துப் புதையலைக் கண்டுபிடித்து, அதைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் இருந்த இடத்திலேயே பத்திரமாக மூடி வைத்துவிட்டு, வெறுங்கையுடன் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிற மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததோ இல்லையோ, பிள்ளை குட்டிகளுடன் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு திசைகாட்டி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, வழியில் சாப்பிட ரொட்டி, இவ்வளவுதான் சாமான். அவர்கள் தேடும் புதையலுக்குத் 'தபால் பெட்டி' என்று பெயர். விளையாட்டுக்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர்.

தபால்காரர் எட்டிக்கூடப் பார்க்காத இந்தத் தபால் பெட்டி பிறந்த கதை ரொம்ப ரசமானது.

சல்லடையால் இறைத்த குளம்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அதன் நடுவே டார்ட்மூர் என்ற மேட்டு நிலம், 368 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கிறது. மரம் என்று பார்த்தால் பெரும்பகுதியில் ஒன்றும் இல்லை. புல், புதர், சதுப்பு. நடுநடுவே யாரோ அடுக்கி வைத்ததுபோல் கருங்கல் பாறைகள். எந்த நிமிஷத்தில் மூடுபனி இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. ஷெர்லக் ஹோம்ஸ் கதை படித்தவர்களுக்கு ஒரு ராட்சத நாய் ஞாபகம் வரலாம். பாஸ்கர்வில் வம்சத்தை அந்த நாய் துரத்திய இடம் சாட்சாத் இந்த டார்ட்மூர்தான்.

இதன் வடபாகத்தில், மனித சஞ்சாரமே அற்ற இடத்தில், கிரான்மியர் குளம் இருக்கிறது. குளம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். செடிகொடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கி உண்டான கரிய சேற்று மண் மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம், அவ்வளவே. ஆனால் டார்ட், டேவி, டாவ், ஓக்மெண்ட் ஆகிய ஆறுகள் இதைச் சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் உற்பத்தியாகின்றன. முதல் இரண்டும் தெற்கே ஓடிக் கடலில் விழுகின்றன. மற்ற இரண்டும் வடக்கே போகின்றன. ஒரே மேட்டில் பிறந்து திசைக்கு ஒன்றாகப் பிரிந்து போகிற அண்ணன் தம்பிகள்!

குளம் வற்றியதற்கு ஊரார் ஒரு காரணம் சொல்கிறார்கள். பக்கத்து ஊரான ஓக்ஹாம்ப்டனில் மேயராக இருந்த பெஞ்சமின் கேயர் என்பவர் இறந்த பிறகு பேயாக அலைந்தாராம். பாதிரிமார் கூடி அந்தப் பேயைப் பிடித்து, 'இந்தச் சல்லடையால் கிரான்மியர் குளத்தை இறைத்துத் தீர். அதன் பிறகுதான் உனக்கு விடுதலை' என்று கட்டளை இட்டார்களாம். மேயர் உத்தியோகம் பார்த்த ஆசாமியை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியுமா? செத்துக் கிடந்த ஆடு ஒன்றின் தோலை உரித்துச் சல்லடைக்கு உள்ளே விரித்துக்கொண்டு, மளமளவென்று இறைத்துத் தள்ளிவிட்டாராம். அந்த வெள்ளத்தில் ஓக்ஹாம்ப்டன் ஊரே மூழ்கிற்று என்று கதை முடிகிறது.

புட்டிக்குள் விஸிட்டிங் கார்டு

சாக்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒருவர் இருந்தார். பட்டணத்திலிருந்து வரும் கனவான்களை டார்ட்மூருக்குள் அழைத்துப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய தொழில். கிரான்மியருக்குப் போய்த் திரும்புவது அந்நாளில் லேசான காரியம் அல்ல. பாதை கிடையாது. ஒரு பகல் முழுதும் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தால், அங்கே பார்ப்பதற்கு ஒரு பள்ளத்தைத் தவிர எதுவும் இல்லை! 'வந்து போனோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டாமா?' என்று வந்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1854-ம் ஆண்டில் பெரட் அங்கே சில கற்களைக் கூட்டிக் குவித்து, அதற்குள் ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகி வைத்தார். வந்தவர்கள் தங்கள் விஸிட்டிங் கார்டை அதற்குள் போட்டுவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவர், தமக்கு முன்னால் இந்தச் சேற்றை மிதித்த பைத்தியக்காரர் யார் என்று எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுதான் பெரட் செய்தது. பதிவு உரிமை கேட்கவில்லை, சங்கம் வைக்கவில்லை. ஒரு புட்டியையும் நாலு கல்லையும் வைத்து உலகம் முழுதும் ஆடும் ஒரு விளையாட்டை உண்டாக்கிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு புட்டி போய்த் தகரப் பெட்டி வந்தது. 1905-ல் கையெழுத்துப் போட ஒரு புத்தகம் வைத்தார்கள். இதற்கிடையில் ஒரு வேடிக்கையான வழக்கம் ஏற்பட்டது. கிரான்மியருக்குப் போகிறவர், தமது சொந்த விலாசத்தையே எழுதித் தபால் தலை ஒட்டிய கார்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவார். அடுத்தபடி அங்கே வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய், தம் ஊர்த் தபாலில் சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டுத் தம்முடைய கார்டைப் பெட்டியில் விட்டு வர வேண்டும்.

இதில் உள்ள ருசியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தாயிற்று, சேறு கழுவியாயிற்று, பழைய வேலைகளில் மூழ்கியாயிற்று. ஒரு நாள் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து போடுகிறார். பார்த்தால் நம் கையெழுத்து! எந்த ஊர் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம். நாம் போய் வந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடுகிறோம். மூன்று நாளில் வந்திருந்தால், நமக்கு அடுத்தபடி உடனே யாரோ அங்கே போயிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால், அத்தனை நாளும் நம் கார்டு அந்தப் பனியிலும் மழையிலும் ஒற்றையாகக் கிடந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் வந்து, அதை எடுத்துச் சட்டைப் பையில் நனையாமல் வைத்துக்கொண்டு, அத்தனை மைலும் சுமந்து வந்து, மறக்காமல் தபாலில் போட்டிருக்கிறார். அவர் போடாமல் இருந்திருந்தால் யார் கேட்பது? சாட்சி உண்டா, ரசீது உண்டா?

பெட்டிக்குத் தபால் பெட்டி என்ற பெயர் பொருந்தியதும் இந்த வழக்கத்தினால்தான்.

இளவரசரும் ஒரு எழுத்தாளரும்

1921-ல் வேல்ஸ் இளவரசர் கிரான்மியருக்குப் போய் வந்தார். டார்ட்மூரில் ஒரு பகுதி அவருடைய ஜமீனைச் சேர்ந்தது. ஆகவே சொந்த நிலத்தைப் பார்க்கப் போனார் என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இறுதியில் இவரேதான் இந்தியாவுக்கு வந்தார். 1922 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியபோது ஹர்த்தாலும் கலவரமும் எதிர்கொண்டன. பிறகு எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறி, 1936-ல் காதலுக்காக அதையும் துறந்தவர். சதுப்பு நிலத்தில் ஒரு பழைய பெட்டி கொடுத்த வரவேற்பில் கலவரம் ஏதும் இருந்திருக்காது!

1937-ல் அந்தப் பிரதேசத்து நாளிதழ் ஒன்றின் முயற்சியால் கிரான்மியரில் கருங்கல்லாலேயே ஒரு பெட்டி கட்டினார்கள். மறு ஆண்டு, 1938-ல், டார்ட்மூரின் தென்பாகத்தில் டக்ஸ் பூல் என்னும் இடத்தில் இன்னொன்று வைத்தார்கள். இது வில்லியம் கிராஸிங் என்ற எழுத்தாளரின் ஞாபகார்த்தமாக வைக்கப்பட்டது. 1847-ல் பிறந்து 1928-ல் மறைந்த இந்த மனிதர், டார்ட்மூரை அங்குலம் அங்குலமாக நடந்து அளந்து, 1909-ல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கடந்தும் டார்ட்மூருக்குப் போகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். மழையென்றும் பனியென்றும் பாராமல் நடந்ததன் பலனாக, முதுமையில் வாதநோய் அவரை முடக்கிப் போட்டது. அப்படி நடந்தவருக்குச் சதுக்கத்தில் சிலை வைக்காமல், நடந்தால் மட்டுமே போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஒரு பெட்டியை வைத்தார்களே, அந்த யோசனையைச் சொன்ன புண்ணியவானை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

முத்திரைப் பைத்தியம்

வெகு காலம் வரை டார்ட்மூர் முழுவதும் ஒரு டஜன் பெட்டிகளுக்கு மேல் இல்லை. 1970-க்குப் பிறகு நிலைமை மாறிற்று. பெட்டிக்குப் பெட்டி ஒரு ரப்பர் முத்திரை வைக்கும் வழக்கம் பரவியது. பாறை, பறவை, குதிரை, பேய் மேயர் என்று பெட்டிக்கு ஒரு சித்திரம். தேடி வந்தவர் அதை மையில் ஒற்றித் தம் நோட்டில் பதித்துக்கொள்ளலாம். தமக்கென்று ஒரு சொந்த முத்திரை செய்துகொண்டு வந்து, பெட்டியிலுள்ள புத்தகத்தில் பதித்துவிட்டுப் போகலாம்.

பதிக்க ஒன்று கிடைத்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? சேர்க்க ஆரம்பித்தான். நூறு முத்திரை சேர்த்தவர்களுக்கென்று 'நூறு கிளப்' தோன்றிற்று. பெட்டிகள் இருக்கும் இடத்துக்கான குறிப்புகளைத் தொகுத்துப் பட்டியல் போட்டார்கள். இன்று டார்ட்மூரில் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் நடந்தால் கிடைக்கிற பெட்டிகளும் உண்டு. முத்திரை வந்ததும் கார்டு போய்விட்டது. பெட்டியில் தபாலை விட்டு வருவதைப் பெரும்பாலோர் மறந்தே போனார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நான் பழைய கட்சி. முத்திரையை எடுத்துக்கொண்டு வருவதைவிட ஒருவரது கார்டை எடுத்துக்கொண்டு வருவதில்தான் சுவை அதிகம். ஆனால் எண்ணிக்கையில் ருசி கண்டவர்களிடம் இதைச் சொல்லிப் பயன் இல்லை.

எண்ணிக்கை ஏறியதும் தொல்லையும் ஏறிற்று. டார்ட்மூர் வெறும் பொட்டல் அல்ல. சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் நட்டு வைத்த நெடுங்கற்களும், கல் வட்டங்களும், ஈமக் கற்குவியல்களும், வட்டக் குடிசைகளின் அடிச்சுவர்களும் அங்கே எங்கே பார்த்தாலும் கிடக்கின்றன. பெட்டியை ஒளித்து வைக்க நல்ல பொந்து வேண்டும். கற்குவியலில் இல்லாத பொந்தா? நாலு கல்லை நகர்த்தினால் இடம் தயார். தேடி வருகிறவர் பதினாலு கல்லை நகர்த்துவார்! இறந்தவனுக்காக அடுக்கிய கல், நாலாயிரம் ஆண்டு அசையாமல் இருந்தது, ஒரு முத்திரைக்காக அசையலாமா? 1951 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பூமி இது.

கடைசியில் விளையாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். பழங்காலச் சின்னங்களிலும் அவற்றின் அருகிலும் பெட்டி வைக்கக் கூடாது. சுவர்களில் வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது. சிமெண்டு பூசக் கூடாது. பார்வைக்குத் தெரியாமல், இயற்கையாக உள்ள பொந்தில்தான் வைக்க வேண்டும். போலீஸ் காவல் இல்லாத அவ்வளவு பெரிய வெளியில் இந்த விதிகளை நிறைவேற்றுவது யார் என்று கேட்பீர்கள். விளையாடுகிறவர்கள்தான், வேறு யார்?

எங்கே வைக்கிறார்கள் அடையாளம்?

டார்ட்மூர்க் குறிப்புகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மரம் இல்லாத ஊரில் 'மாமரத்தடி' என்று எழுத முடியாது. பாறை என்றால் ஆயிரம் பாறை. ஆகவே தொலைவில் தெரியும் பொருள்களை வைத்து எழுதுவார்கள். 'தேவாலயக் கோபுரம் 130 பாகை. மலை உச்சிப் பாறை 245 பாகை. காட்டின் ஓரம் 20 பாகை' என்று மட்டும் இருக்கும். திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கோபுரம் 130-ல் வரும்போது பாறை 250-ல் நிற்கும். பாறையைச் சரிப்படுத்தினால் கோபுரம் நகர்ந்துவிடும். மூன்றும் ஒன்றாகக் கூடி வருகிற இடம் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அங்கே நின்றுகொண்டு காலடியில் குனிந்து பார்க்க வேண்டும். மூடுபனி வந்து கோபுரத்தை விழுங்கிவிட்டால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது.

அமெரிக்கக் காட்டுக்குள்

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் டெவன் ஜில்லாவை விட்டு அதிகம் நகராத இந்த விளையாட்டு, 1998-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிற்று. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'ஸ்மித்ஸோனியன்' என்ற அமெரிக்க மாதப் பத்திரிகை டார்ட்மூர்ப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. வாசகர்கள் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கவில்லை; பெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்! ஒரு கட்டுரைக்கு இப்படிப் பலன் கிடைத்தது என்று அறியும்போது, பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. வெர்மாண்ட் முதலிய வடகிழக்கு ராஜ்யங்களில் தொடங்கி இன்றைக்கு அந்நாடு முழுவதும் பல்லாயிரம் பெட்டிகள் மறைந்து கிடக்கின்றன.

வெட்டவெளி விளையாட்டு அங்கே காட்டு விளையாட்டாயிற்று. அதுவும் சாதாரணக் காடு அல்ல. வெர்மாண்ட் காட்டில் ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டே இருந்தால் திடீரென்று குறுக்கே ஒரு கல் சுவர் வரும். மனிதக் குடியிருப்பே இல்லாத அடர்ந்த காட்டில் சுவர் எதற்கு?

அந்தக் காடு ஒரு காலத்தில் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைத்தது. மெரினோ ஆடு வளர்ப்பதற்காக வெர்மாண்டில் நான்கில் மூன்று பங்கு நிலத்தை மரம் வெட்டி வெளியாக்கினார்கள். குளிர்காலம்தோறும் பனி உறைந்து மண்ணைத் தூக்க, உழுகிற ஏர் முனையில் கல் கல்லாக வந்து மாட்டும். அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி எல்லையில் அடுக்கியதே அந்தச் சுவர்கள். அந்த வடகிழக்குப் பிரதேசம் முழுவதிலும் இப்படி அடுக்கிய சுவர்களின் நீளம் 2,40,000 மைல் இருக்கும் என்று ஒரு மதிப்பு உண்டு. பூமியைப் பத்தளவுக்குச் சுற்றலாம். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, எல்லாம் குடியானவனுடைய முதுகெலும்பு!

பிறகு ரோம விலை விழுந்தது. மேற்கே கல் இல்லாத கறுப்பு மண் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். விட்டுப் போன வயலில் காடு திரும்பி வந்தது. இன்று அதே வெர்மாண்டில் நான்கில் மூன்று பங்கு காடு. வீடுகள் மண்ணாகிவிட்டன. நிலவறைப் பள்ளங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், காட்டு மரங்களுக்கு நடுவே, ஒரு லைலாக் செடி வசந்தம்தோறும் பூத்துக்கொண்டு நிற்கும். என்றோ ஒரு வீட்டுக்காரி வாசற்படி ஓரத்தில் நட்டு வைத்தது.

பெட்டி ஒளித்து வைக்கிறவர்களுக்கு இவற்றைவிட நல்ல அடையாளம் எங்கே கிடைக்கும்?

வாருங்கள், நாமும் தேடுவோம்

அங்கே வழங்கும் பாணியில் ஒரு குறிப்பை நாமே மாதிரிக்கு எழுதிக்கொண்டு, மனத்தால் ஒரு நடை போய் வருவோமா?

'மரப் பாலத்தைக் கடந்து, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் காகம் பறக்கும் பக்கம் போகாதே. பழைய எல்லை குறுக்கிடும்போது பாதையை விட்டு, கல்லைத் துணையாகக் கொண்டு மேலே ஏறு. வெள்ளை உடுத்திய இரட்டையர் எதிர்ப்படுவர். அவர்களிடமிருந்து 210 பாகையில் முப்பது தப்படி. பூக்காரி வீட்டு வாசலில் ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் இடது காலடியில் பார்.'

பாலம் தெரிகிறது, சரி. பாதை பிரிகிற இடத்தில் காகமே இல்லை! ஐந்து நிமிஷம் விழித்துக்கொண்டு நிற்கிறோம். கூட வந்த குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கிறது. வழிகாட்டிப் பலகையில் 'காகக் குன்று' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறது. ஆகவே மற்றப் பாதை. கால் மைலில் கல் சுவர் குறுக்கிடுகிறது. சுவரோடு ஒட்டி ஏறுகிறோம். வெள்ளை உடுத்திய இரட்டையர் யார்? ஒரே அடியிலிருந்து கிளைத்த இரண்டு பிர்ச் மரங்கள். காகிதம்போல் வெளுத்த பட்டை உரிந்து தொங்குகிறது.

இனித்தான் சங்கடம். முப்பது தப்படி என்றால் யார் தப்படி? நெட்டையன் தப்படியா, குட்டையன் தப்படியா? அதுவும் தவிர, பலர் கணக்கில் இடது கால், வலது கால் இரண்டும் எடுத்து வைத்தால்தான் ஒரு தப்படி. சிலரோ ஒவ்வொரு காலையும் தனித் தப்படியாக எண்ணுவார்கள். இந்தக் குழப்பத்தில் பாதித் தூரத்திலேயே நின்று தேடித் தேடிச் சலித்துத் திரும்பியவர்கள் உண்டு. திசையிலும் தகராறு. திசைகாட்டியின் முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. வெர்மாண்ட் பக்கத்தில் முள் பத்துப் பாகைக்கும் அதிகமாக மேற்கே சாய்ந்து நிற்கிறது. எழுதியவர் எந்த வடக்கை வைத்து எழுதினார் என்று தெரியாவிட்டால், முப்பது தப்படி போவதற்குள் பக்கவாட்டில் பல அடி விலகிவிடுவோம்.

ஒரு வழியாக லைலாக் செடி தென்படுகிறது. அதுதான் பூக்காரி வீட்டு வாசல். பக்கத்தில் கணுவும் முடிச்சுமாக ஒரு கிழட்டு மேப்பிள் மரம். அதன் இடது வேரடியில் மூன்று தட்டைக் கற்கள் சற்று ஒழுங்காக, காட்டில் இருக்க வேண்டியதைவிட ஒரு பிடி அதிக ஒழுங்காக, சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அப்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடுமாம். அனுபவசாலிகள் சொல்லும் ஒரு புத்திமதி: பொந்துக்குள் உடனே கையை விடாதீர்கள், முதலில் குச்சியை விட்டுப் பாருங்கள். பாம்புக்கும் தேள் குளவிக்கும் நாம் விளையாட வந்திருக்கிறோம் என்பது தெரியாது.

கல்லை விலக்கினால், சமையலறையில் பருப்புப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று! அதற்குள் ஈரம் புகாத உறை; அதற்குள் ஒரு சின்னப் புத்தகமும் ஒரு முத்திரையும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் கடையில் முத்திரை வாங்குவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்ஸில் அழிக்கும் ரப்பரில் கூரிய கத்தியால் தாங்களே செதுக்குகிறார்கள். எழுத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோத்த பழைய கம்பாஸிட்டர்கள் இருந்தால் இந்த வேலையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

நம் முத்திரையை அதன் புத்தகத்தில் பதிக்கிறோம். அதன் முத்திரையை நம் நோட்டில் பதிக்கிறோம். தேதி, ஊர், நம்முடைய 'காட்டுப் பெயர்' எழுதுகிறோம். ஆம், சொந்தப் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை. எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. நமக்கு முன் வந்தவர்களின் பக்கங்களைப் புரட்டலாம். மழையில் வந்தவருடைய மை பரவியிருக்கும். குழந்தை ஒன்று முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருக்கும். பிறகு மூடுகிறோம். யாராவது பாதையில் வருகிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டப்பாவை இருந்தபடி வைத்து, மூன்று கல்லையும் இருந்தபடி சாய்க்கிறோம்.

கடைசிக் காரியத்தில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. ஒருவர் சோம்பலாகக் கல்லைச் சாய்க்காமல் போனாலும் அணிலோ மழையோ அந்த டப்பாவைத் தீர்த்துவிடும். ஒருவர் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போனால், நூறு மைல் கடந்து வரும் அடுத்த குடும்பம் வெறும் பொந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும். அப்படி ஆவதும் உண்டு. பெட்டியை வைத்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய முத்திரை போனது போனதுதான். ஆனாலும் வைக்கிறார்கள். இன்னொன்று செதுக்கிக்கொண்டு மறுபடி காட்டுக்குப் போகிறார்கள்.

நடமாடும் பெட்டிகள்

இவர்கள் கற்பனைக்கு அளவே இல்லை. ஒரு பெட்டிக்குள் வேறொரு முத்திரை 'ஓசிப் பிரயாணி'யாகக் கிடக்கும். கண்டெடுத்தவர் அதை எடுத்துப் போய் அடுத்த பெட்டியில் விட்டு வர வேண்டும். இப்படியே ஊர் ஊராக அது பிரயாணம் செய்யும். சிலர் பெட்டியைக் காட்டில் வைக்காமல் தங்கள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள். எதிரே வருகிற அந்நியர், 'தங்களிடம் பெட்டி உண்டா?' என்று வாய்விட்டுக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சில பெட்டிகளுக்கு எழுத்திலே குறிப்பே கிடையாது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு தம்பியும் பிறந்துவிட்டான். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம், பொதுமக்களுக்கு வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மே 3-ந் தேதியே ஒருவர் ஆரிகன் ராஜ்யத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் புதைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை உலகத்துக்கு அறிவித்தார். 'ஜியோகேச்சிங்' என்ற பெயரில் அது இன்று முப்பது லட்சம் பெட்டிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. தம்பி பெரிய பணக்காரன்தான். ஆனால் அவன் வழி நேர்வழி. கருவி 'இதோ, இங்கே' என்று காட்டிக் கொடுத்துவிடும். காகம் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் சுகம் அவனுக்கு ஏது?

கிரான்மியர் இன்று

கிரான்மியரில் 1937-ல் கட்டிய கல் பெட்டி இன்றும் இருக்கிறது. உள்ளே புத்தகமும் முத்திரையும் வைத்து வருகிறார்கள். போகிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதி ராணுவத்தார் சுட்டுப் பழகும் எல்லைக்குள் இருக்கிறது. எல்லையைச் சுற்றிலும் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். எந்தெந்த நாளில் சுடுவார்கள் என்பதை முன்னதாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். அன்று குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி பறக்கும். இரவானால் சிவப்பு விளக்கு எரியும். வழியில் ஏதாவது உலோகத் துண்டு கிடந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக் கூடாது.

கொடி இறங்கிய பிறகு போகலாம். தபால் தலை ஒட்டி, சொந்த விலாசம் எழுதிய கார்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால், பெட்டி வேண்டாம் என்று சொல்லாது.